தேய்ந்த புத்தகங்களின் பீரோ: வகுப்பறையில் சிறுவர் நாவல்கள், பத்து ஆண்டு அனுபவம்

என் வகுப்பறையின் பின்சுவரை ஒட்டி ஓர் இரும்பு பீரோ நிற்கிறது. பழைய விடைத்தாள்கள் அடைந்து கிடந்த அந்தப் பீரோவை 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கேட்டு வாங்கித் துடைத்து, புத்தகத் திருவிழாக்களில் பத்து விழுக்காடு கழிவில் வாங்கிய சிறுவர் நாவல்களையும் நீள்கதைகளையும் அதில் அடுக்கினேன். கரிசல் காட்டு ஊர் ஒன்றின் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை தமிழ் கற்பிக்கும் எனக்கு, வாரத்தில் ஒரு பாடவேளையை வாசிப்புக்கென ஒதுக்க முடிந்தது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் மாதத்தில், தேர்வு முடிந்த பிறகு, புத்தகங்களை மேசையில் பரப்பி எண்ணிப் பார்ப்பேன். எது கிழிந்திருக்கிறது, எது புதுக்கருக்கு அழியாமல் இருக்கிறது என்பதை அப்போது குறித்துக்கொள்வேன். இந்தப் பகிர்வு அந்தக் குறிப்புகளிலிருந்து எழுந்தது.

தொடக்கத்தில் நான் புத்தகங்களைத் தேர்ந்த முறையே தவறு என்பதை ஒப்புக்கொண்டு தொடங்குவது நல்லது. பின்னட்டையைப் படித்து, "இந்த நூல் நேர்மையை உணர்த்துகிறது", "சுற்றுச்சூழல் அக்கறையை வளர்க்கிறது" என்ற வகையில் ஏதாவது எழுதியிருந்தால் வாங்கிவிடுவேன். கதையை நான் படித்துப் பார்த்ததில்லை. படிக்கத் தோன்றவும் இல்லை. சிறு வயதில் அம்புலிமாமாவையும் வாண்டுமாமாவின் கதைகளையும் எந்தப் பயனையும் எதிர்பாராமல் விழுங்கிய நான், ஆசிரியையான பிறகு சிறுவர் நூல் என்பதை மருந்துக் குப்பியைப் போலப் பார்க்கத் தொடங்கியிருந்தேன். முதல் ஏப்ரலில் மேசை மேல் விரித்தபோது, அப்படி வாங்கிய நூல்களில் பெரும்பாலானவற்றின் பக்கங்கள் பிரியக்கூட இல்லை. அந்தக் கோடை விடுமுறையில்தான் பீரோவிலிருந்த நூல்களை ஒன்றன்பின் ஒன்றாக நானே படித்து முடித்தேன்.

அதிகம் தேய்ந்தது 'டோட்டோ-சான்'. தெட்சுகோ குரோயாநாகி எழுதி 1981இல் ஜப்பானில் வெளிவந்த இந்நூலின் தமிழ் மொழிபெயர்ப்பை நேஷனல் புக் டிரஸ்ட் வெளியிட்டிருக்கிறது. கண்டிப்பாகச் சொன்னால் இது நாவல் அன்று, ஆசிரியரின் பள்ளிப் பருவ நினைவுகள். ஆனால் பிள்ளைகள் யாரும் அந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தியதில்லை. ரயில் பெட்டிகளை வகுப்பறைகளாகக் கொண்ட தோமோயி பள்ளியும், முதல் நாளிலேயே ஒரு சிறுமியின் பேச்சை நான்கு மணி நேரம் அலுக்காமல் கேட்கும் தலைமை ஆசிரியர் கோபயாஷியும் பெரியவர்களை உருக வைக்கிறார்கள். பிள்ளைகளுக்குப் பிடித்த இடம் வேறு. கழிப்பறைக் குழிக்குள் பணப்பை விழுந்துவிட, டோட்டோ மலத்தொட்டியின் மூடியைத் திறந்து, நீண்ட காம்புள்ள அகப்பையால் உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே அள்ளிக் குவிக்கிறாள். அவ்வழியே வரும் தலைமை ஆசிரியர் திட்டவில்லை. முடிந்ததும் எல்லாவற்றையும் திரும்ப உள்ளே போட்டுவிடுவாய் அல்லவா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போகிறார். ஆறாம் வகுப்பில் இதை வாசித்தபோது வகுப்பே மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. பிறகு ஒரே கேள்விதான் வந்தது: "பர்ஸ் கிடைச்சுதா டீச்சர்?" கிடைக்கவில்லை என்றதும் எழுந்த 'அய்யோ' என்ற ஒலி இன்னும் என் காதில் இருக்கிறது.

அதற்கு ஒரு வாரம் கழித்து, குடிநீர்த் தொட்டியின் குழாயை ஒரு மாணவன் திருகுத் திருகாகக் கழற்றித் தரையில் பரப்பி வைத்திருந்ததைக் கண்டு நான் கையை ஓங்கிக்கொண்டு போனேன். அவனைச் சுற்றி நின்ற நான்கைந்து பேர் ஒரே குரலில், "முடிச்சதும் அவனே திரும்ப மாட்டிருவான் டீச்சர்" என்றார்கள். ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. அவன் மாட்டிவிட்டான்; ஒரு வாஷர் மட்டும் மிஞ்சியது, குழாய் மூன்று நாள் சொட்டியது.

நான் மிகவும் நேசித்து, பிள்ளைகள் சற்றும் ஏற்காத நூல் 'குட்டி இளவரசன்'. பிரெஞ்சிலிருந்து நேரடியாகத் தமிழாக்கப்பட்டு, க்ரியா பதிப்பகம் அழகுற வெளியிட்ட நூல் அது. யானையை விழுங்கிய மலைப்பாம்பின் படத்தைப் பெரியவர்கள் தொப்பி என்றே நினைப்பார்கள் என்று கதை தொடங்குகிறது. நம்பிக்கையோடு படத்தை வகுப்பில் காட்டினேன். முப்பத்தொரு பிள்ளைகளில் பலர் தொப்பி என்றார்கள், சிலர் குன்று என்றார்கள், ஒருவன் கவிழ்த்து வைத்த பனையோலைப் பெட்டி என்றான். பாம்பு என்று யாருமே சொல்லவில்லை. அந்த நூல் குழந்தைமையை இழந்துவிட்ட ஏக்கத்திலிருந்து எழுதப்பட்டது. ஏங்குவதற்கு முதலில் அதை இழந்திருக்க வேண்டும் அல்லவா? பத்து ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் அட்டை பளபளக்கிறது. பீரோவிலிருந்து எடுத்து என் வீட்டு அலமாரியில் வைத்துக்கொண்டேன், அதற்கான தொகையைப் பெட்டியில் போட்டுவிட்டு.

கி. ராஜநாராயணனின் 'பிஞ்சுகள்' எனக்கு வேறு விதமான சங்கடத்தைத் தந்தது. பறவைகளின் பின்னாலும் அவற்றின் முட்டைகளின் பின்னாலும் அலையும் ஒரு கரிசல் சிறுவனின் கதை அது. எழுதியவரோ கோவில்பட்டியை அடுத்த இடைசெவல்காரர். எங்கள் ஊர்ப் பேச்சு அச்சில் வருவதைப் பார்த்த ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, புத்தகத்தை என் முன் விரித்து, "இப்படியெல்லாம் எழுதலாமா டீச்சர்? நாங்க எழுதினா நீங்க சுழிப்பீங்களே" என்று கேட்டாள். குற்றம் சாட்டும் குரலில் அன்று, உண்மையாகவே தெரிந்துகொள்ளும் ஆவலில் கேட்டாள். கட்டுரையில் ஒரு மொழி, கதையில் ஒரு மொழி என்று ஏதோ விளக்கம் சொன்னேன். அது அவளுக்கும் போதவில்லை, எனக்கும் போதவில்லை. அன்று முதல் படைப்பாகத் தரும் எழுத்தில் வட்டார வழக்கை நான் சிவப்பு மையால் சுழிப்பதில்லை. 2021 மே மாதத்தில் கி.ரா. மறைந்தபோது பள்ளி கொரோனாவால் மூடியிருந்தது. "நம்ம முட்டை தாத்தா செத்துப் போயிட்டாராம்" என்று ஒரு செய்தி வகுப்பின் வாட்ஸ்அப் குழுவில் முதலில் வந்தது. அனுப்பியவன் அந்த நூலைத் தவிர வேறெதையும் முழுதாகப் படிக்காத பையன்.

இரா. நடராசனின் 'ஆயிஷா' மெல்லிய நூல். ஒரே பாடவேளையில் வாசித்து முடித்துவிடலாம். அதனாலேயே அதை அவசரப்பட்டு வாசிக்கக் கூடாது என்பேன். கேள்வி கேட்பதற்காகவே அடி வாங்கும் ஒரு மாணவி, அடியின் வலி தெரியாமல் இருக்க உடலை மரத்துப்போகச் செய்யும் வேதிப்பொருளைத் தன் மீதே சோதித்து இறந்துபோகிறாள். கதையைச் சொல்பவர் அவளுடைய ஆசிரியை. 2017இல் ஒன்பதாம் வகுப்பில் வாசித்து முடித்து நிமிர்ந்தபோது, பிள்ளைகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. மேசை மேல் கிடந்த வேப்பங்குச்சியைப் பார்த்தார்கள். உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் 2009லேயே தடை செய்துவிட்டது. குச்சியைச் 'சும்மா மிரட்ட' வைத்திருப்பதாகத்தான் நானும் சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது அது நிலப்படம் மாட்டப் பயன்படுகிறது. ஆனால் இந்த நூலை ஒன்பதாம் வகுப்புக்குக் கீழே நான் தருவதில்லை. அறிவியல் ஆசிரியரையும் உடன் வைத்துக்கொண்டு, வேதிப்பொருள்களைத் தன் மேல் சோதிப்பதைப் பற்றி வெளிப்படையாகப் பேசிய பிறகே தருகிறேன். ஆசிரியர்களுக்கு அது கண்ணாடியாக இருக்கலாம். பதினோரு வயதுப் பிள்ளையின் கையில் அது வேறொன்றாக ஆகிவிடக் கூடாது.

யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றது. குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலை, பேசுகிற மரப்பாச்சிப் பொம்மை ஒன்றின் வழியாகச் சொல்கிறது. இதை நான் வாய்விட்டு வாசித்ததில்லை. எடுத்துப் போகச் சொல்லிப் பீரோவின் கண்மட்டத் தட்டில் வைத்துவிடுவேன், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணை உள்ளட்டையில் எழுதி. மதிய உணவுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் மூன்று நான்கு பெண் பிள்ளைகள் ஒரே பிரதியின் மேல் தலைகளைக் குவித்துக்கொண்டு படித்ததைப் பார்த்திருக்கிறேன். ஒரு தாய் கோபமாக வந்து, இதையெல்லாமா பள்ளிக்கூடத்தில் கொடுப்பீர்கள் என்று கேட்டார். நீங்களே ஒருமுறை படித்துவிட்டுச் சொல்லுங்கள் அக்கா என்று அவர் கையிலேயே கொடுத்தனுப்பினேன். மறு வாரம் புத்தகம் திரும்பியது, அவர் வரவில்லை. ஆனால் அவருடைய இளைய மகள் அதே புத்தகத்தை அடுத்து எடுத்துக்கொண்டாள். பையன்கள் இதைப் பெண்களுக்கான நூல் என்று ஒதுக்குவதுதான் எனக்குக் குறை. வாங்கிய நாளிலிருந்து விரல்விட்டு எண்ணும் அளவிலேயே அவர்கள் எடுத்திருக்கிறார்கள்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஜெயமோகனின் 'பனிமனிதன்' எட்டாம் வகுப்புப் பையன்களிடம் தவறாமல் எடுபடுகிறது. இமயமலையையே நிலப்படத்தில் தேடவைத்த நூல் அது. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பிள்ளைகளுக்கு நாவல் என்பது மலை. அவர்களுக்கு, அரசின் வாசிப்பு இயக்கம் வழியாக வந்த நுழை, நட, ஓடு, பற என்ற நிலைகளிலான குறும்புத்தகங்கள்தான் கைகொடுத்தன.

பெரிய குறை பதின்பருவத்துக்கான நூல்களில் இருக்கிறது. பத்து வயதுக்குத் தமிழில் இன்று நல்ல தேர்வுகள் உண்டு. பதினான்கு வயதுப் பிள்ளை நட்பையும் அவமானத்தையும் முதல் ஈர்ப்பையும் தன் வயதுக் குரலில் படிக்க விரும்பினால் நான் எடுத்துக் கொடுக்க ஒரு கை விரல்களின் எண்ணிக்கைக்குக் கூட நூல்கள் தேறுவதில்லை. ஆகவே அவர்கள் சிறுவர் கதையிலிருந்து ஒரே தாவலில் 'பொன்னியின் செல்வன்' பக்கம் போகிறார்கள். 1950 முதல் 1954 வரை தொடராக வந்த அந்த ஐந்து பாகங்களும் 2022இல் படம் வெளியான பிறகு எங்கள் பீரோவில் நிற்கவே இல்லை. இன்று அவற்றை வரிசையாக அடுக்கிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும்: முதல் பாகத்தின் முதுகு நைந்து நூல் தெரிகிறது, இரண்டாம் பாகம் பாதி வரை அழுக்கேறியிருக்கிறது, நான்காம் பாகம் நல்ல நிலையில் உள்ளது, ஐந்தாம் பாகத்தின் தாள்கள் இன்னும் மொரமொரவென்று இருக்கின்றன. முழுவதையும் படித்து முடித்தவர்கள் எனக்குத் தெரிந்து மூவர், மூவருமே பெண்கள்.

நூல்களின் உழைப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் பிள்ளைகளுக்கான நூல் பிள்ளைகளின் கையைத் தாங்க வேண்டும். பசை மட்டும் வைத்து ஒட்டிய நூல்கள் பத்துப் பதினைந்து கைகள் மாறியதும் தாள் தாளாக உதிர்கின்றன. சில பதிப்பகங்கள் எழுத்தைப் பொடியாக அச்சிட்டுப் பக்கத்தைக் குறைப்பது பிள்ளைகளின் கண்ணுக்கும் அநியாயம். வாங்கியவுடன் முதுகில் மூன்று துளையிட்டு, கோணி ஊசியால் காடா நூல் கோத்துத் தைத்துவிடுவது என் வழக்கம். மேலட்டை ஒட்ட மைதா பசை காய்ச்சும்போது சிறிது மயில்துத்தம் சேர்த்தால் இராமபாணப் பூச்சி அண்டாது என்று எங்கள் ஊர் பைண்டர் சொல்லிக் கொடுத்தார். மயில்துத்தம் நஞ்சு, ஆகவே அந்த வேலையை மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காமல் வீட்டிலேயே செய்கிறேன். கொரோனா காலத்தில் பீரோ பூட்டிக் கிடந்தால் பூச்சிதான் படிக்கும் என்று எண்ணி, எல்லாவற்றையும் வீடுகளுக்குக் கொடுத்தனுப்பினேன். பதினெட்டு நூல்கள் திரும்பவில்லை. அதில் எனக்கு வருத்தமில்லை என்று சொன்னால் பொய். 'டோட்டோ-சான்' இரண்டாம் பிரதி அவற்றில் ஒன்று.

அதன் முதல் பிரதியை இந்த ஏப்ரலில் கழிவு செய்ய வேண்டியதாயிற்று. கடைசித் தாளில், நான் ஒருபோதும் சொல்லாமலே, படித்தவர்கள் பென்சிலால் தங்கள் பெயரையும் வகுப்பையும் எழுதி வந்திருந்தார்கள்; சில பெயர்களுக்குரியவர்கள் இப்போது கல்லூரியில் படிக்கிறார்கள். அந்தத் தாளை மட்டும் பிரித்தெடுத்து மூன்றாம் பிரதியின் பின்னட்டைக்குள் ஒட்டினேன். இருப்புப் பதிவேட்டில் 'கழிவுக்கான காரணம்' என்ற கட்டத்தில் 'படித்ததால் கிழிந்தது' என்று எழுதிக் கொண்டுபோனேன். பதிவேட்டைச் சரிபார்த்தவர் அதை அடித்துவிட்டு 'பழுது' என்று எழுதச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன், ஆனால் அடித்த எழுத்து மையின் அடியில் இன்னும் படிக்கும்படியாகவே இருக்கிறது.