சட்டியில் தாங்கும் எண்ணெய்: கடலையா, சூரியகாந்தியா?

எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாகப் புழங்கிய ரீஃபைண்ட் சூரியகாந்தி எண்ணெயை நிறுத்திவிட்டு, பொரிக்கவும் வதக்கவும் கடலை எண்ணெய், தாளிப்புக்கும் புளிக்குழம்புக்கும் நல்லெண்ணெய் என்று மாறிவிட்டோம். வீட்டுப் பெரியவர் ஒருவருக்குக் கெட்ட கொழுப்பு எனப்படும் எல்டிஎல் கூடியிருந்ததால், அக்கம்பக்கத்துப் பேச்சை மட்டும் நம்பி இதைச் செய்ய மனம் வரவில்லை. ஒவ்வோர் எண்ணெயிலும் என்ன இருக்கிறது, அடுப்பில் ஏறியபின் அது என்னவாகிறது என்று படித்துப் பார்த்தே முடிவெடுத்தோம். என் சாய்வு கடலை எண்ணெயின் பக்கம். அதற்கான காரணங்களையும், சூரியகாந்திக்கு உரிய நியாயத்தையும் இங்கே எழுதுகிறேன்.

எந்த எண்ணெயானாலும், நெய்யானாலும், ஒரு கிராம் கொழுப்புக்கு 9 கலோரிதான். 'கொலஸ்ட்ரால் அற்றது' என்று பாக்கெட்டில் அச்சிடுவதும் எல்லாத் தாவர எண்ணெய்க்கும் பொருந்துகிற ஒன்றே. தாவர எண்ணெயில் ஹைட்ரஜன் ஏற்றிக் கெட்டியாக்கிய வனஸ்பதியைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. அப்படிக் கெட்டியாக்கும்போது டிரான்ஸ் கொழுப்பு என்ற தீங்கான கொழுப்பு அதில் உருவாகலாம். நாம் பெறும் மொத்த ஆற்றலில் 2 சதவீதம் டிரான்ஸ் கொழுப்பிலிருந்து வந்தாலே இதயநோய் வாய்ப்பு 23 சதவீதம் கூடுவதாக 2006இல் வெளியான தொகுப்பாய்வு காட்டியது. எண்ணெய், கொழுப்புகளில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரி முதல் வரம்பு வைத்திருக்கிறது. வீட்டுச் சமையலுக்கு வனஸ்பதி தேவையே இல்லை.

தேங்காய் எண்ணெயையும் நெய்யையும் அவ்வளவு எளிதாகத் தள்ள முடியாது. ஆனால் அன்றாடச் சமையலின் முதன்மை எண்ணெயாக இவற்றை வைக்க நான் துணியவில்லை. தேங்காய் எண்ணெயில், எல்டிஎல்லைக் கூட்டும் நிறைவுற்ற கொழுப்பு 80 சதவீதத்துக்கும் மேல். நெய்யில் 60 சதவீதத்தை ஒட்டி. 16 சோதனைகளைத் தொகுத்து 2020இல் வெளியான ஆய்வில், பாமாயில் போன்ற வெப்பமண்டல எண்ணெய்கள் அல்லாத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடும்போது தேங்காய் எண்ணெய் எல்டிஎல்லை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்தியது. நல்ல கொழுப்பும் அதனோடு சற்று உயர்கிறது என்பது உண்மைதான் என்றாலும், அந்த உயர்வு எல்டிஎல்லின் தீங்கை ஈடுசெய்யும் என்பதற்குத் தக்க சான்று இல்லை. அவியலின் மேல் ஊற்றும் ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெயையோ, பருப்புச் சோற்றில் விடும் நெய்யையோ நாங்கள் கைவிடவில்லை. நியாயவிலைக் கடையில் கிடைக்கும் பாமாயில் இந்த இரண்டுக்கும் விதை எண்ணெய்களுக்கும் நடுவில் நிற்கிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 40 முதல் 45 சதவீதம். லிட்டர் 25 ரூபாய்க்குக் கிடைக்கும் எண்ணெயை வாங்காதீர்கள் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. அளவைக் குறைத்து, ஒருமுறை காய்ச்சியதை மறுபடி பொரிக்கப் பயன்படுத்தாமல் இருந்தாலே பெரும்பாலான கவலை நீங்கும்.

எங்களுக்கு உண்மையான போட்டி சூரியகாந்திக்கும் கடலைக்கும் இடையில்தான் இருந்தது. எல்டிஎல் ஒன்றை மட்டும் பார்த்தால் சூரியகாந்தி முந்துகிறது. அதில் நிறைவுற்ற கொழுப்பு ஏறத்தாழ 11 சதவீதம். கடலையில் 17 முதல் 20. சூரியகாந்தியில் 60 சதவீதத்துக்கு மேலிருக்கும் லினோலீயிக் அமிலம் என்ற ஒமேகா 6 வகைக் கொழுப்பு எல்டிஎல்லைக் குறைப்பது பல சோதனைகளில் உறுதியான செய்தி. நிறைவுற்ற கொழுப்புக்குப் பதிலாக இத்தகைய எண்ணெய்களைப் பயன்படுத்தினால் இதய, இரத்தக்குழாய் நோய்கள் ஏறத்தாழ 30 சதவீதம் குறையக்கூடும் என்று அமெரிக்க இதயச் சங்கம் 2017இல் வெளியிட்ட அறிவுரை கூறியது. 'ஒமேகா 6 உடலில் அழற்சியைக் கிளப்பும்' என்று சூரியகாந்திக்கு எதிராகப் பரப்பப்படும் வாதத்தை மனிதர்களிடம் நடந்த சோதனைகள் ஆதரிக்கவில்லை. ஆகவே அந்தக் காரணத்துக்காக நான் அதை விடவில்லை.

விட்டதற்குக் காரணம் சூடு. லினோலீயிக் அமிலச் சங்கிலியில் இரண்டு இரட்டைப் பிணைப்புகள் உள்ளன. அவற்றுக்கு இடையிலிருக்கும் ஹைட்ரஜன் எளிதில் பிய்ந்துபோவதால் ஆக்சிஜன் அங்கே வந்து பற்றிக்கொள்கிறது. ஒரே ஓர் இரட்டைப் பிணைப்பு மட்டும் உள்ள ஒலீயிக் என்ற மற்றொரு கொழுப்பு அமிலத்தைவிட இது ஏறத்தாழ பத்து மடங்கோ அதற்கு மேலோ வேகமாக ஆக்சிஜனேற்றம் அடைகிறது. அப்படிச் சிதையும்போது உருவாகும் ஆல்டிஹைடுகள் என்ற வேதிப்பொருள்கள், குறிப்பாக 4-ஹைட்ராக்சிநோனினல் போன்றவை, உயிரணுக்களுக்கு நச்சானவை. அவற்றில் ஒரு பகுதி ஆவியாகிப் போனாலும், மீதி எண்ணெயிலேயே தங்கி அப்பளத்தோடும் வடையோடும் நம் வயிற்றுக்குள் போகிறது. கடலை எண்ணெயில் ஒலீயிக் அமிலம் பாதியை நெருங்கும். லினோலீயிக் 30 சதவீதத்தை ஒட்டித்தான். அதாவது, அடுப்பில் முதலில் கெடக்கூடிய சரக்கு சூரியகாந்தியில் இருப்பதில் பாதியளவே இதில் இருக்கிறது.

புகையத் தொடங்கும் வெப்பநிலையைக் காட்டி ரீஃபைண்ட் சூரியகாந்தியைப் பரிந்துரைப்பவர்கள் உண்டு. அந்த அளவு பெரும்பாலும் எண்ணெயில் தனித்துக் கிடக்கும் கொழுப்பு அமிலங்களைப் பொறுத்தது. சுத்திகரிப்பில் அவை நீங்கிவிடுவதால் புகை தாமதமாக வருகிறது. பொரிக்கும் சூடான 170 முதல் 190 டிகிரியில் புகையே இல்லாமல் எண்ணெய் உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்க முடியும். சூரியகாந்தியில் நிறைய இருக்கும் வைட்டமின் ஈ அலமாரியில் அதைக் காக்கிறது. பொரிக்கும் சூட்டில் அதுவே விரைவில் அழிந்துவிடுகிறது. சூரியகாந்தியில் தொடர்ந்து பொரித்த நாட்களில் வாணலியின் விளிம்பில் பிசின் போன்ற மஞ்சள் படலம் தேய்த்தாலும் போகாமல் ஒட்டியிருக்கும். எண்ணெய் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பிணைந்து உருவாகும் பொருள் அது. கடலை எண்ணெய்க்கு மாறியபின் அந்தப் படலம் வெகுவாகக் குறைந்துவிட்டது.

ஆல்டிஹைடுகளின் தீங்கு பற்றிய சான்றுகளில் பெரும்பகுதி ஆய்வகத்திலும் விலங்குகளிடமும் கிடைத்தவை; எல்டிஎல் பற்றிய சான்றோ மனிதர்களிடம் பல்லாண்டுகள் பார்த்து உறுதியானது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. சூடு ஒன்றே அளவுகோல் என்றால் தேங்காய் எண்ணெய்தான் வெல்லும். எல்டிஎல் ஒன்றே அளவுகோல் என்றால் சூரியகாந்தி வெல்லும். இரண்டிலும் பெரிதாகத் தோற்காதது கடலை எண்ணெய் என்பதாலேயே அதைத் தேர்ந்தோம். பொரிப்பதே இல்லாமல், தாளிப்புக்கு மட்டும் இரண்டு கரண்டி ஊற்றும் வீடாக இருந்தால் சூரியகாந்தியை மாற்றவேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. ஒலீயிக் அமிலம் மிகுந்த தனிவகைச் சூரியகாந்தி எண்ணெய் கிடைக்குமானால் நான் சொன்ன குறை அதற்குப் பொருந்தாது.

நல்லெண்ணெயில் லினோலீயிக் 40 சதவீதத்தைத் தாண்டுவதால், கணக்குப்படி அது கடலையைவிட விரைவாகக் கெடவேண்டும். ஆனால் எள்ளிலிருக்கும் செசமோலின் சூட்டில் செசமால் என்ற ஆக்சிஜனேற்றத் தடுப்பானாக மாறி எண்ணெயைக் காக்கிறது. பாட்டிமார் ஊறுகாய்க்கும் புளிக்காய்ச்சலுக்கும் நல்லெண்ணெயையே நாடியதற்குச் சுவையோடு இந்தத் தாங்குதிறனும் காரணமாக இருந்திருக்கலாம்.

கடலை எண்ணெய்க்கு ஒரு பெரிய குறை உண்டு. அதை மறைத்துவிட்டு அதைப் புகழ்வது தவறு. ஈரத்தில் கிடந்த கடலையில் பூசணம் பிடித்தால் அஃப்ளாடாக்சின் என்ற, கல்லீரலைப் பாதித்துப் புற்றுநோய்க்கும் வழிவகுக்கும் நச்சு உருவாகிறது. அதில் பெரும்பகுதி பிண்ணாக்கோடு போய்விட்டாலும், செக்கில் ஆட்டித் தெளியவைத்த எண்ணெயின் கசடோடு சிறிதளவு வரக்கூடும். ஆலையில் காரப்பொருள் (அல்கலி) சேர்த்துச் சுத்திகரிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. 'மரச்செக்கு' என்று பலகை மாட்டியிருப்பதால் மட்டும் எண்ணெய் நல்லதாகிவிடாது. சொத்தை, சுருங்கல், பூசணப் பருப்புகளைப் பொறுக்கி நீக்கிய, நன்கு காய்ந்த கடலையை நம் கண்முன் ஆட்டித் தரும் செக்கு அருகில் இருந்தால் அங்கே வாங்கலாம். இல்லையென்றால் ரீஃபைண்ட் கடலை எண்ணெயே பாதுகாப்பானது. நாங்கள் பொரிப்பதற்கு ரீஃபைண்ட் கடலையையும், குழம்புக்குச் செக்கு நல்லெண்ணெயையும் வாங்குகிறோம். செலவு முன்பைவிடக் கூடியிருக்கிறது. பொரிப்பதைக் குறைத்து அதைச் சமாளிக்கிறோம்.

எந்த எண்ணெயை வாங்கினாலும் பொரித்த சட்டியில் மீந்ததை என்ன செய்கிறோம் என்பது அதே அளவு முக்கியம். எண்ணெய் சிதையும்போது சேரும் துருவச் சேர்மங்கள் என்ற பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயில் சமைக்கக் கூடாது என்பது 2018 ஜூலை முதல் உணவுக் கடைகளுக்கு விதி. வீட்டில் அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லை. பொரித்த எண்ணெயை வடிகட்டி, மறுபடி பொரிக்காமல், ஓரிரு நாளுக்குள் குழம்புக்குத் தீர்த்துவிடும்படி தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2024 வழிகாட்டி சொல்கிறது; நாங்களும் அப்படியே செய்கிறோம். பழைய எண்ணெயின் மேல் புதிய எண்ணெய் ஊற்றும் பழக்கத்தைக் கட்டாயம் விட வேண்டும். ஏற்கெனவே சிதைந்தது புதியதையும் விரைவில் கெடுக்கும்.

அரிசித் தவிட்டு எண்ணெய் கொழுப்புச் சேர்க்கையில் கடலையை ஒட்டியது. ஓரிசனால் என்ற கூடுதல் பொருளும் அதில் உண்டு. நாங்கள் கொஞ்ச காலமே பயன்படுத்தியதால் அதைப் பற்றி உறுதியாகத் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். கடுகு எண்ணெயில் அன்றாடம் சமைத்த பழக்கமே எனக்கு இல்லை. கடலை, எள், சூரியகாந்தி மூன்றிலும் ஏறக்குறைய இல்லாத ஒமேகா 3 என்ற கொழுப்பு வகை கடுகு எண்ணெயில் இருக்கிறது என்பது அதன் தனிச்சிறப்பு. அந்தக் குறையை எங்கள் வீட்டில் மத்தி மீன் ஈடுசெய்கிறது; மீன் உண்ணாதவர்கள் ஆளி விதையை வறுத்துப் பொடித்து இட்லிப்பொடியோடு சேர்த்துக்கொள்ளலாம்.