ரேஸ் ஃபார் த கேலக்சிக்கு எக்ஸ்பான்ஷன் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள்

இரண்டு மாதத்துக்கு முன்னால் 3,200 ரூபாய் கொடுத்து ரேஸ் ஃபார் த கேலக்சி சீட்டாட்டத்தின் 'த பிரிங்க் ஆஃப் வார்' எக்ஸ்பான்ஷனை, அதாவது ஏற்கெனவே உள்ள ஆட்டத்தோடு சேர்த்து ஆடும் கூடுதல் பெட்டியை, ஆன்லைனில் ஒருவரிடம் வாங்கினேன். என்னிடம் இருக்கும் பெட்டியோடு ஒத்துவராததை ஒத்துவரும் என்று சொல்லி விற்றார், அதுவும் அசல் என்று சொல்லிப் போலியை அனுப்பினார். இன்று வரை ஒரு ரூபாய் திரும்பி வரவில்லை. புகார் போய்க்கொண்டிருப்பதால் அவர் பெயரை இங்கே போடவில்லை. ஆனால் நடந்தது எப்படி என்று தெரிந்தால் இன்னொருவர் தப்பிக்கலாம்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காகக் கொஞ்சம். டாம் லேமன் உருவாக்கிய இந்த விண்வெளிச் சீட்டாட்டம் 2007-இல் வெளிவந்தது. ஒவ்வொரு கார்டும் ஒரு கிரகம் அல்லது ஒரு தொழில்நுட்ப, சமூக வளர்ச்சி, அதைப் பெரும்பாலும் விலை கொடுத்து உங்கள் முன்னால் இறக்க வேண்டும், அந்த விலையும் கையில் இருக்கும் மற்ற கார்டுகள்தான். மூன்று விலை என்றால் மூன்று கார்டைத் தூக்கிப் போட வேண்டும், எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்று மனசு அடித்துக்கொள்ளும், அதுதான் இதன் சுகமே. கிரகத்தில் விளையும் சரக்கைக் காட்டுவதற்கும் சீட்டுக் கட்டிலிருந்து ஒரு கார்டை எடுத்துக் கவிழ்த்து வைப்பார்கள். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் இதுதான் பிரச்சினை.

நானும் தம்பியும் அவன் மனைவியும் மூன்று வருடமாக ஞாயிற்றுக்கிழமை மாலையில் அடிப்படைப் பெட்டியை மட்டும் வைத்து ஆடிக்கொண்டிருந்தோம். புதிதாக ஏதாவது வேண்டும் என்று தேடும்போது இந்த விளம்பரம் கண்ணில் பட்டது. 'பிரிக்காத பெட்டி, ஒன்றுதான் இருக்கிறது' என்று போட்டிருந்தார். போன் செய்து, என்னிடம் பேஸ், அதாவது அடிப்படைப் பெட்டி மட்டும்தான் இருக்கிறது, இதை அப்படியே சேர்த்து ஆடலாமா என்று தெளிவாகக் கேட்டேன். "தாராளமா ஆடலாங்க சார், பேஸ் இருந்தாப் போதுங்க, நானே வீட்ல அப்படித்தாங்க ஆடறேன்" என்றார். இவ்வளவு உறுதியாகச் சொல்கிறாரே என்று நம்பிப் பணத்தை அனுப்பிவிட்டேன்.

அவர் சொன்னது உண்மை இல்லை. இந்த ஆட்டத்துக்கு எக்ஸ்பான்ஷன்கள் வரிசையாக வந்தன: 2008-இல் 'த கேதரிங் ஸ்டார்ம்', 2009-இல் 'ரெபெல் வெர்சஸ் இம்பீரியம்', 2010-இல் 'த பிரிங்க் ஆஃப் வார்'. மூன்றும் ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கியவை. மூன்றாவதை ஆட வேண்டுமென்றால் முதல் இரண்டும் கையில் இருக்க வேண்டும். எதிராளியின் கிரகத்தைக் கைப்பற்றும் விதி இரண்டாவது பெட்டியில் வருவது, மூன்றாவதில் உள்ள சில கார்டுகள் அந்த விதியை நம்பியே எழுதப்பட்டவை. முதல் இரண்டும் இல்லாமல் இதை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் பாதி விஷயம் தொங்கலில் நிற்கும். அதற்குப் பின் வந்த 'ஏலியன் ஆர்டிஃபாக்ட்ஸ்', 'சீனோ இன்வேஷன்' இரண்டும் தனித்தனி வழி. அவை ஒவ்வொன்றும் அடிப்படைப் பெட்டியோடு நேரடியாகச் சேரும், முந்தைய மூன்றோடு கலக்க வேண்டியதில்லை. விற்கிறவருக்கு இது தெரியாமலா இருந்திருக்கும்?

சரி, மற்ற இரண்டையும் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று கூட மனதைத் தேற்றிக்கொண்டேன். பார்சலைப் பிரித்தபோதுதான் அடுத்தது தெரிந்தது. பெட்டியைச் சுற்றியிருந்த பிளாஸ்டிக் உறை கடையில் ஹேர் டிரையர் வைத்துச் சுருக்கியது போல மூலைகளில் கசங்கியிருந்தது. உள்ளே இருந்த கார்டு கொஞ்சம் தடிமனாகவும் வழவழப்பாகவும் இருந்தது, வளைத்தால் பழைய கார்டு போல மெதுவாகத் திரும்பாமல் வெடுக்கென்று நிமிர்ந்தது. முன்பக்க எழுத்தை ஜன்னல் ஓரம் கொண்டுபோய்ப் பார்த்தேன், சின்ன எழுத்துகளின் விளிம்பு புள்ளி புள்ளியாக உடைந்திருந்தது. அசல் கார்டிலிருந்து ஸ்கேன் செய்து அடித்த பிரதி என்று பார்த்த உடனே தெரிகிற அளவுக்கு. பின்பக்கம் என் பழைய கார்டைவிட ஒரு சாயல் வெளுப்பு.

வெளுப்பு அவ்வளவு பெரிய குறையா என்று கேட்கலாம். வேறு ஆட்டமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளலாம். இதில் புதிய கார்டையும் பழைய கார்டையும் ஒரே கட்டாகக் கலைத்துப் போட்டுத்தான் ஆட வேண்டும். கட்டின் மேலே அடுத்து வருவது புதிதா பழையதா என்று எடுப்பதற்கு முன்பே தெரிகிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் கையில் புதிய கார்டு எத்தனை என்று எண்ண முடிகிறது. கிரகத்தின் மேல் கவிழ்த்து வைத்த சரக்கு கார்டு கூடத் தன்னைக் காட்டிக்கொடுக்கிறது. எக்ஸ்பான்ஷன் கார்டின் பின்பக்கம் பொருந்தவில்லை என்றால் அந்தப் பெட்டி மொத்தமும் வீண், முன்பக்கம் எவ்வளவு அழகாக இருந்தாலும்.

போன் செய்தேன். "பிரிண்டுக்குப் பிரிண்டு கலர் மாறுங்க சார்" என்றார். அசல் அச்சுகளுக்குள்ளேயே லேசாகச் சாயல் மாறலாம் என்பது உண்மைதான், ஆனால் தடிமனும் உடைந்த எழுத்தும்? அதற்குப் பதில் இல்லை. பிரித்த பெட்டியைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று வைத்துவிட்டார். பிரிக்காமல் எப்படி ஐயா உள்ளே போலி என்று கண்டுபிடிப்பது? 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, ஆன்லைன் சந்தையில் தொழிலாக விற்கிறவர் சொன்னபடி இல்லாத பொருளையும் குறையுள்ள பொருளையும் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது. இதைச் சொன்ன பிறகு போனை எடுப்பதே இல்லை. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். நான் செய்யத் தவறியது ஒன்று, பிரிக்கும்போது வீடியோ எடுக்கவில்லை. நீங்கள் எடுங்கள், உறையைக் கிழிப்பதிலிருந்து வெட்டு இல்லாமல்.

இப்போது வாங்கத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாந்த கோபத்தில் ஆட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அடிப்படைப் பெட்டி மட்டும் வைத்திருப்பவர்கள் 'த கேதரிங் ஸ்டார்ம்' வாங்குங்கள், தாராளமாக வாங்கலாம். ஐந்தாவது ஆளும் சேரலாம், தனியாகவும் ஆடலாம், அப்புறம் அதில் வரும் இலக்குகள் ஆட்டத்துக்கு ஒரு திசை கொடுக்கின்றன. சில இலக்குகளில் முதலில் முடிப்பவருக்கு 3 புள்ளி, மற்றவற்றில் கேட்டதை எல்லோரையும்விட அதிகம் சேர்ப்பவருக்கு 5. தம்பியின் நண்பர் வீட்டில் ஆடிப் பார்த்திருக்கிறேன். மூன்றாவது பெட்டி வரை போவது எல்லோருக்கும் தேவையில்லை. கட்டு பெருத்துப் போய், நீங்கள் காத்திருக்கும் கார்டு கைக்கு வராமலே ஆட்டம் முடிந்துவிடும். ஆட்டத்துக்கு ஒரு முறை சீட்டுக் கட்டுக்குள் தேடி எடுக்கும் வசதியை அந்தப் பெட்டியிலேயே கொடுத்திருப்பது இந்தக் குறையை ஓரளவு ஈடுகட்டத்தான். அடிக்கடி ஆடும் கூட்டம் இருந்தால் மட்டும் அதற்குப் போங்கள்.

எதை வாங்கினாலும் பெட்டியின் பின்பக்கப் படத்தைக் கேளுங்கள், எந்தெந்தப் பெட்டி தேவை என்று அதிலேயே அச்சிட்டிருக்கும். பழைய பெட்டி என்றால் கார்டுகளின் பின்பக்கத்தை வெயிலில் எடுத்த படமாக அனுப்பச் சொல்லுங்கள். பின்புறம் உள்ளே தெரியாத ஸ்லீவ் (கார்டுக்குப் போடும் உறை) போட்டால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொன்னார். நிறம் மறையும், உண்மை. தடிமன் விரல் நுனியில் தெரிகிறதே, அதை எந்த ஸ்லீவும் மறைக்காது.

போன ஞாயிறு புதியதைப் பழைய கட்டிலிருந்து பிரித்து எடுத்தோம். தம்பி மனைவி ஒரு கார்டைக் கூடத் திருப்பிப் பார்க்கவில்லை. கவிழ்ந்த கட்டைக் கையில் வைத்துக்கொண்டு, வெளுத்ததை இடது பக்கம், மற்றதை வலது பக்கம் என்று போட்டுக்கொண்டே போனாள். ஐந்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஒன்றுகூடத் தப்பவில்லை.