பெஞ்சா, பக்கத்து ரூமா?

ஞாயிறு ஆராதனையில் சின்னப் பிள்ளைகளை எங்கே உட்கார வைப்பது என்ற பஞ்சாயத்து எங்கள் சபையில் மூன்று வருடம் ஓடியது. கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் நூறு குடும்பம்கூட இல்லாத ஒரு லுத்தரன் சபை. எனக்கு ஏழு வயதில் பையன், நாலு வயதில் பெண். பெற்றோரோடு பெஞ்சிலேயே வைத்திருப்பது, ஆராதனை நேரத்தில் பக்கத்து ரூமில் ஓய்வுநாள் பள்ளி, அதாவது பிள்ளைகளுக்கான பைபிள் வகுப்பு, நடத்துவது, பிரசங்கத்துக்கு மட்டும் வெளியே அனுப்புவது என்று மூன்றையும் பார்த்தாகிவிட்டது. நான் பெஞ்சுக் கட்சி, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மூன்றாவதை அதிகம் பேச வேண்டியதில்லை. போகும்போது ஒரு கூத்து, வரும்போது ஒரு கூத்து, நடுவில் செருப்பு மாறும். போதகர் சீக்கிரம் முடித்துவிட்டால் கதை பாதியில் நிற்கும். இரண்டு மாதத்தில் விட்டுவிட்டோம்.

ரூம் விஷயம் அப்படியில்லை. நன்றாக நடந்த நாளில் அதற்கு ஈடு கிடையாது. ஒரு வாரம் பைபிளில் 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று தொடங்குகிற 23ஆம் சங்கீதம். பாடப் புத்தகத்தில் இருந்த ஆடு பஞ்சு மிட்டாய் மாதிரி வெள்ளைவெளேர் என்று இருந்தது, நம் ஊரில் யார் அப்படி ஆடு பார்த்திருக்கிறார்கள்? டீச்சர் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, தாத்தா வீட்டில் ஆடு இருக்கிற ஒரு பையனை எழுப்பி, சாயந்திரம் பட்டியில் அடைக்கும்போது தாத்தா என்ன செய்வார் என்று கேட்டார். எண்ணிப் பார்ப்பாராம், ஒன்று குறைந்தால் டார்ச் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாராம், பாட்டி திட்டத் திட்டப் போவாராம். அதற்குமேல் அங்கே விளக்கம் தேவைப்படவில்லை. பெஞ்சில் இது நடக்காது, ஒத்துக்கொள்கிறேன்.

ஆனால் நடத்துவதற்கு ஆள் வேண்டுமே, சிக்கல் அங்கேதான். வயதுவாரியாக மூன்று வகுப்பு, பிள்ளைகள் பாதுகாப்புக்காக ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள், ஆக ஆறு பேர், வருடத்துக்கு 52 ஞாயிறு. ஜூனில் தொடங்கும்போது ஆறு பேரும் இருந்தார்கள். வாலிபப் பிள்ளைகள்தான் டீச்சர்கள், அவர்களில் பாதிப் பேருக்கு ஓசூர் கம்பெனியில் ஷிஃப்ட். சனி ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவனை ஞாயிறு காலை ஒன்பது மணிக்குப் பாடம் எடு என்று எந்த வாயால் சொல்வது? ஒருத்திக்கு பெங்களூரில் வேலை கிடைத்தது, ஒருத்திக்குக் கல்யாணம் ஆனது. கிறிஸ்துமஸ் வரும்போது இரண்டு பேர். மாங்காய் சீசன் தொடங்கும்போது தோப்பு இருக்கிற வீட்டுக்காரரும் கழன்றுகொள்ள, மிச்சம் நான் ஒருவன்.

நாலு வயதிலிருந்து பன்னிரண்டு வயது வரை ஒரே ரூமில் அடைத்து வைத்து, ஜெராக்ஸ் போட்ட படத்துக்குக் கலர் அடிக்கச் சொல்லி, கடைசியில் போனில் கார்ட்டூன் போட்டுக் காட்டுகிற நிலைக்கு வந்தேன். அந்த ஐந்து மாதத்தில் நான் ஒரு பிரசங்கம்கூடக் கேட்கவில்லை. அப்பமும் ரசமும் வாங்குகிற திருவிருந்துக்குக் கடைசி வரிசையில் ஓடிவந்து நின்றேன், கையில் ஸ்கெட்ச் கறையோடு. தொடங்கி வைப்பது யாராலும் முடியும், ஐந்தாவது மாதம் யார் அந்த ரூமில் நிற்பார்கள் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. ஆள் வராத வாரம் பிள்ளைகளுக்குப் பாடமும் இல்லை, பழகாததால் ஆராதனையும் புரியாது.

இன்னொன்றும் உண்டு. 1780இல் இங்கிலாந்தின் குளஸ்டரில் ராபர்ட் ரெய்க்ஸ் ஓய்வுநாள் பள்ளி தொடங்கியது, வாரம் ஆறு நாளும் வேலைக்குப் போன பிள்ளைகளுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுக்கத்தான், அவர்களை ஆராதனையிலிருந்து தள்ளி வைக்க அல்ல. எங்கள் சபைப் பிரிவுக்குப் பெயர் தந்த மார்ட்டின் லுத்தர் 1529இல் கேள்வி பதிலாக எழுதிய விசுவாசப் பாடப் புத்தகமான சிறிய ஞானோபதேசத்தில், வீட்டுத் தலைவன் தன் வீட்டாருக்கு எப்படிச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றுதான் பெரும்பாலான பகுதிகள் ஆரம்பிக்கின்றன. 1895இல் கிருஷ்ணகிரிக்கு லுத்தரன் மிஷன் வந்ததிலிருந்து இருக்கிற இந்தப் புத்தகத்தை நாங்கள் திறந்தே பார்க்காமல் டீச்சர் கிடைக்கவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம்.

சரி, பெஞ்சு. ஆரம்பம் மோசம்தான். முதல் வாரமே ஜெப நேரத்தில் என் பெண்ணின் ஸ்டீல் டப்பா மூடி கீழே விழுந்து, நிற்காமல் உருண்டு பலிபீடப் படி வரைக்கும் போனது. வெட்கத்தில் அடுத்த வாரம் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டோம், அங்கே இன்னும் மோசம். ஆராதனை முடிந்ததும் ஒரு பாட்டி நேராக வந்தார், திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். "ஏம்ப்பா, பின்னாடி ஒளிஞ்சி உக்காந்தா புள்ளைக்கு முதுகுதான தெரியும், முன்னாடி வா" என்றார். அதுதான் திருப்பம். இரண்டாவது பெஞ்சிலிருந்து திரி ஏற்றுவது தெரிகிறது, அப்பம் பிட்கிற கை தெரிகிறது, கேள்வி வருகிறது.

பையில் ஒரு நோட்டு, நாலு கிரேயான், சத்தம் வராத எதுவும் சரி. பிஸ்கட் பாக்கெட் மட்டும் வேண்டாம். பிரசங்கத்தில் 'கிருபை' என்று வரும்போதெல்லாம் கோடு போடு என்று பையனிடம் சொன்னேன், 31 கோடு போட்டு வாசலில் போதகரிடமே காட்டிவிட்டான். எங்கள் ஆராதனை முறை வாரா வாரம் ஒன்றே என்பதால் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கும் மூன்று மாதத்தில், போதகர் சொல்வதற்குச் சபை சொல்லும் பதில்கள் வாயில் வந்துவிடுகின்றன. இப்போது அண்ணனுக்கு அடி விழப் போகிறது என்று தெரிந்தால் என் பெண் சமையலறையிலிருந்து "கர்த்தாவே இரங்கும்" என்று ராகத்தோடு பாடுகிறாள். அடிக்கவா முடியும்?

ஓய்வுநாள் பள்ளியை ஒழிக்கவில்லை. ஆராதனை முடிந்தபின் முக்கால் மணி நேரம், மாதம் இரண்டு தடவை. ஆள் இல்லாவிட்டால் அந்த வாரம் கிடையாது, யாருக்கும் நஷ்டமில்லை. மே மாத வி.பி.எஸ், அதாவது விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு மட்டும் பழைய டீச்சர்கள் லீவு போட்டு வந்துவிடுகிறார்கள், பத்து நாள்தானே.

இரண்டு வயதுக்குக் கீழே என்றால் நான் சொல்வது எடுபடாது, அழுதால் வேப்ப மரத்தடிக்குத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான். மூன்று மணி நேரம் ஆராதனை நடக்கிற, அச்சிட்ட முறை இல்லாத சபைகளில் பெஞ்சு எப்படி எடுபடும் என்பதற்கும் என்னிடம் அனுபவம் இல்லை. என் தங்கை தருமபுரியில் அப்படி ஒரு சபைக்குத்தான் போகிறாள், அவள் பையனுக்கு மூன்று வயது. ரூம்தான் எனக்கு உயிர் காக்கிறது அண்ணா என்கிறாள். அங்கே டீச்சர்கள் எட்டுப் பேர் இருக்கிறார்களாம்.