பெரிய டர்போ போட்ட ஆக்டேவியா ஆர்எஸ்: ஓட்டினேன், வாங்கவில்லை

மூன்று வாரம் மண்டையைக் குடைந்த வண்டி இது. 2017 மாடல் ஸ்கோடா ஆக்டேவியா ஆர்எஸ் 230, கோயம்புத்தூர் பதிவு, 68,000 கிலோமீட்டர், கேட்ட விலை 22.5 லட்சம். புதிதாக வந்தபோது ஷோரூம் விலையே 24.62 லட்சம்தான். அப்புறம் ஏன் இந்த விலை என்றால், விற்கிற தம்பி வண்டிக்குள் ஏகப்பட்ட பணத்தைக் கொட்டியிருக்கிறார், அது அத்தனையும் என்னிடமிருந்து திரும்பி வர வேண்டும் என்று நினைக்கிறார்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். நீலாம்பூர் பக்கம் பைபாஸில் காலை ஆறு மணிக்கு ஓட்டிப் பார்த்தேன். கம்பெனி கொடுத்தது 2 லிட்டர் டர்போ பெட்ரோல் எஞ்சின், 230 குதிரைத்திறன், 350 நியூட்டன் மீட்டர் டார்க், பூஜ்யத்திலிருந்து நூறைத் தொட 6.8 நொடி. அதுவே ஒரு குடும்ப செடானுக்கு அதிகம். இதில் ஃபோக்ஸ்வேகன் கோல்ஃப் ஆர் காரில் வரும் பெரிய ஐஎஸ்38 டர்போ, அகலமான டவுன்பைப் (டர்போவிலிருந்து புகை வெளியேறும் குழாய்), இன்டேக், டர்போ காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர், அதற்கேற்ற ஈசியு டியூன் (எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரின் புரோகிராமை மாற்றுவது) எல்லாம் ஏறியிருக்கிறது. சக்தியை அளக்கும் டைனோ மெஷின் கொடுத்த சீட்டில் 370 குதிரை என்று தம்பி காட்டினார். சீட்டை விடுங்கள், மூன்றாவது கியரில் மிதித்தபோது முன் சக்கரம் இரண்டும் தாரைப் பிராண்டியது, ஸ்டியரிங் கையை விட்டு ஓடப் பார்த்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மெக்கானிக் அண்ணன் கைப்பிடியைப் பிடித்தவர் டோல்கேட் வரை விடவில்லை. எனக்கு வாயெல்லாம் பல்.

ஆனால் இந்த மாதிரி வண்டியை டெஸ்ட் டிரைவ் முடிந்த அரை மணி நேரத்துக்குள் முடிவு செய்யவே கூடாது. ஒரு டீ குடித்துவிட்டு வண்டியை வொர்க்‌ஷாப் லிஃப்டில் ஏற்றினோம்.

சந்தேகம் முதலில் வந்தது ஸ்கேனரில்தான். ஒரு ஃபால்ட் கோடுகூட, அதாவது கோளாறைச் சொல்லும் குறியீடுகூட இல்லை. விற்பவர்கள் இதைப் பெருமையாகச் சொல்வார்கள், எனக்கு வயிற்றைக் கலக்கியது. டவுன்பைப்பில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரே கிடையாது, வெறும் குழாய். அப்படியிருந்தால் பின்னாலுள்ள ஆக்சிஜன் சென்சார் புகார் சொல்லி எஞ்சின் விளக்கு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லையென்றால், "அந்தப் பக்கம் பார்க்காதே" என்று டியூனிலேயே சென்சாரின் வாயைக் கட்டிவிட்டார்கள் என்று அர்த்தம். சரி, இது இந்த டியூன்களில் சகஜம். ஆனால் இது ஒன்றுக்குத்தான் கட்டினார்களா, வேறு எதற்கெல்லாம் கட்டினார்கள்? டியூன் போட்ட கடை இப்போது இல்லை, ஃபைல் யாரிடமும் இல்லை. ஈசியுவைப் படித்து வேறு ஆள் புதிதாக எழுத வேண்டும்.

கியர்பாக்ஸ் ஆறு கியர் டிஎஸ்ஜி, அதாவது இரட்டை கிளட்ச் ஆட்டோமேட்டிக், எண்ணெயில் நனையும் கிளட்ச். ஏறக்குறைய 350 நியூட்டன் மீட்டருக்குக் கணக்குப் போட்டுச் செய்தது. இந்த டர்போ அதைத் தாண்டி எங்கேயோ தள்ளுகிறது. நாலாவது கியரில் முழுதாக மிதித்தபோது ஒருமுறை ஆர்பிஎம் முள் துள்ளியது, வேகம் அதற்கேற்ப ஏறவில்லை. கிளட்ச் வழுக்குகிறது. 60,000 கிலோமீட்டரில் மாற்ற வேண்டிய கியர் ஆயிலுக்கு பில் கேட்டேன், "மாத்தியாச்சுங்கண்ணா" என்பது மட்டும்தான் கிடைத்தது.

மற்றபடி வண்டியை நாசம் செய்திருக்கிறார் என்று சொல்ல மாட்டேன். இந்த எஞ்சினில் எல்லோரும் பயப்படுகிற வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் ஹவுசிங் பக்கம் சுத்தமாகக் காய்ந்திருந்தது. ஆயிலை ஒழுங்காக மாற்றியிருக்கிறார், அதற்கு பில் உண்டு. டைரக்ட் இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் பெட்ரோல் இன்டேக் வால்வைக் கழுவாது, கரி படியும். வால்நட் ஓட்டுத் தூள் அடித்து அதையும் சுத்தம் செய்திருக்கிறார். செட்டிபாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே ரேஸ் டிராக்கில் இரண்டு நாள் ஓட்டியதை அவரே ஒப்புக்கொண்டார். பொய் பேசுகிற ஆள் இல்லை. மேலே ஒட்டிய சாம்பல் நிற ரேப் ஃபிலிமுக்குக் கீழே ஒரிஜினல் வெள்ளை, ஃபெண்டர் போல்ட்டில் ஸ்பேனர் பட்ட தடமே இல்லை, அடிபட்டு மாற்றிய அடையாளம் இல்லை. தாழ்த்திய ஸ்பிரிங்கால் டயர் உள்பக்கம் மட்டும் தேய்ந்திருந்தது, அது பெரிய விஷயமில்லை.

சட்டம்தான் பெரிய விஷயம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவுப்படி தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதைத்தான் சொன்னது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறைகூட உண்டு. வண்டி என் பெயருக்கு வந்த நிமிடம் அது என் தலைவலி. இன்சூரன்ஸ் பாலிசியில் ஒரு மாற்றத்தைக்கூட எழுதவில்லை. பெரிதாக ஏதாவது நடந்தால் கிளெய்மை மறுக்க அவர்களுக்கு அந்த ஒரு காரணம் போதும். வாரம் இரண்டு முறை அம்மாவை ஏற்றிக்கொண்டு பல்லடம் போகிற வண்டிக்கு இது சரிப்படாது.

சரி, கணக்கு. இதே வருஷத்து ஆர்எஸ், எதையும் தொடாதது, 19 லட்சத்துக்குக் கேட்பதைப் பார்த்திருந்தேன். இதைப் பழைய நிலைக்குக் கொண்டுவர டவுன்பைப், டர்போ, கிளட்ச், ஸ்பிரிங், ஈசியு எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் என்று மெக்கானிக் அண்ணன் எழுதிக் கொடுத்தார். 16.5 லட்சம் தருகிறேன் என்றேன். நகைக்கடையில் சேதாரம் கழிப்பது போல நான் விலையைக் கழித்ததில் தம்பி முகம் வாடியது. "அண்ணா, டர்போ, பைப், இன்டர்கூலர், டியூன் மட்டுமே ஆறு லட்சங்கண்ணா!" இருக்கலாம். ஆனால் அந்த ஆறு லட்சத்தின் சுகத்தை அவர் நான்கு வருஷம் அனுபவித்துவிட்டார், எனக்கு வருவது வழுக்குகிற கிளட்ச்.

கழற்றிய ஒரிஜினல் பாகங்கள் எங்கே என்று கேட்டேன். இதை விளம்பரத்தைப் பார்த்த அன்றைக்கே போனில் கேட்டிருக்க வேண்டும், மூன்று வாரம் மிச்சமாகியிருக்கும். பழைய டர்போவை மாற்றிய கடையிலேயே கழித்துக்கொண்டார்களாம். கன்வெர்ட்டரோடு இருந்த டவுன்பைப்பை ஸ்கிராப்புக்குப் போட்டாராம், உள்ளே இருக்கிற உலோகத்துக்கு நல்ல விலை கிடைத்ததாம். இந்த வண்டியே இங்கே கொஞ்சம்தான் ஓடுகிறது, 2020இல் வந்த 245 மாடல் மொத்தமே 200தான். பழைய பாகத்துக்கு யாரிடம் போய் நிற்பது?

என் பரிந்துரை: தனியாக ஒரு ரேஸ் வண்டி வேண்டும், வீட்டில் வேறு கார் இருக்கிறது, சொந்த டியூனர் இருக்கிறார் என்றால் 17 லட்சத்துக்குள் வாங்குங்கள், எஞ்சின் நல்ல எஞ்சின். தினமும் ஓட்ட ஒரே கார் என்றால் வேண்டாம்.

போன ஞாயிறு தம்பியிடமிருந்து மெசேஜ்: "அண்ணா, ஒரிஜினல் டவுன்பைப் எங்காச்சும் கெடச்சா சொல்லுங்க." இரண்டு பழைய பாகக் கடையில் சொல்லி வைத்திருக்கிறேன், அவருக்காக மட்டும் என்று சொன்னால் என் வீட்டில் யாரும் நம்பவில்லை.