நாலு வாட்ச், ஒரு காலண்டர்: அடுத்தது எது?

எங்கள் வீட்டுச் சமையலறைக் காலண்டரில் பால் பாக்கெட் கணக்குக்குக் கீழே, போன வருடம் முழுக்க இன்னொரு கணக்கும் ஓடியது. ஒவ்வொரு நாள் கட்டத்திலும் ஜ, சீ, கே, டை என்று ஓர் எழுத்து. அன்றைக்கு எந்த வாட்ச் கட்டினேன் என்பதற்கான குறி. ஐந்தாவதாக ஒன்று வாங்கலாமா, வாங்கினால் எது என்று மூன்று வருடமாக மண்டைக்குள் ஓடிய பஞ்சாயத்தை முடிக்கத்தான் இதை ஆரம்பித்தேன். யூடியூபில் காட்டுகிற வாட்செல்லாம் பிடித்துப்போகிறவனுக்கு வேறு வழியில்லை.

டிசம்பர் கடைசியில் கூட்டிப் பார்த்தேன். கேசியோ 214 நாள், சீகோ 78, ஜனதா 49, டைட்டன் 11. மீதி 13 நாள் வெறுங்கை. இருப்பதிலேயே மலிவானது முதலிடம், ஆசை ஆசையாக வாங்கியது கடைசி!

ஜனதா அப்பாவுடையது. சாவி கொடுக்கிற எச்.எம்.டி., 17 ஜுவல் (உள்ளே உராய்வைக் குறைக்கிற குட்டிக் கற்கள்). மணிக்கு 18,000 துடிப்பு, அதாவது நொடிக்கு ஐந்து. ராத்திரி தலையணைப் பக்கம் வைத்தால் அது ஓடுவது தெளிவாகக் கேட்கும். காலையில் காபி கொதிப்பதற்குள் சாவி கொடுத்துவிடுவேன். கடைசியில் விரல் நுனியில் ஒரு இறுக்கம் தெரியும், அங்கே நிறுத்திவிட வேண்டும். தண்ணீர், வியர்வை இரண்டும் ஆகாது. சென்னையில் மார்ச் முதல் செப்டம்பர் வரை இதைக் கட்டிக்கொண்டு பைக் ஓட்டுவது பாவம். அதனால் ஞாயிற்றுக்கிழமை வாட்ச் ஆகிவிட்டது.

சீகோ 5-ஐ, எஸ்.என்.கே.809 என்ற மாடல், ஏழு வருடமாக வைத்திருக்கிறேன். இப்போது அந்த மாடலை நிறுத்திவிட்டார்கள். 37 மி.மீ. கேஸ் (வெளிக்கூடு), கறுப்பு முகம், என் ஒல்லிக் கைக்கு அளவெடுத்துத் தைத்தது மாதிரி. ஆனால் உள்ளே இருக்கிற 7எஸ்26 இயந்திரத்துக்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. கையசைவில்தான் ஓடும். வெள்ளி சாயங்காலம் கழற்றி வைத்தால் திங்கள் காலையில் செத்துக் கிடக்கும். உலுக்கி, தேதி மாற்றி, கிழமை மாற்றி, மணி வைத்து முடிப்பதற்குள் ரயில் போய்விடும். ஒரு நாளைக்கு 20 நொடி முன்னால் ஓடுகிறது. கம்பெனியே 35 நொடி பின்னாலும் 45 நொடி முன்னாலும் போகலாம் என்றுதான் சொல்கிறது, அதனால் குறை சொல்ல வாயில்லை. 78 நாளோடு நின்றதற்கு அந்தத் திங்கட்கிழமைச் சடங்குதான் காரணம்.

டைட்டன் எட்ஜ் கதை வேறு. 2002-இல் வந்தபோது 3.5 மி.மீ. கனத்தில் ஒரு குவார்ட்ஸ் வாட்ச் என்பது பெரிய விஷயம், அதுவும் ஓசூர்க்காரர்கள் செய்தது. கட்டியிருப்பதே தெரியாது. என்னுடையதற்கு செல் தீர்ந்தபோது, அவசரத்துக்கு பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஒரு சின்னக் கடையில் கொடுத்தேன். பின் மூடியில் நகக்கீறல் மாதிரி மூன்று கோடு. அடுத்த மழையில் கண்ணாடிக்குள் ஆவி. மெல்லிய வாட்சைத் திறக்கப் பழகிய கை வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. அன்றிலிருந்து கல்யாண ரிசப்ஷனுக்கு மட்டும்.

கேசியோ எஃப்-91டபிள்யூ பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது? 1989-இல் வந்த மாடல், இன்னும் அப்படியே விற்கிறது. 21 கிராம். ஒரு செல் ஏழு வருடம். மாதத்துக்கு 30 நொடிக்குள் தவறும். ஒரே எரிச்சல் அதன் விளக்கு. இடது ஓரத்தில் மின்மினி மாதிரி ஒரு பச்சை, அது மணியைக் காட்டும், நிமிடத்தை யூகித்துக்கொள்ள வேண்டியதுதான். ராத்திரி ரயிலில் மேல் பெர்த்தில் படுத்துக்கொண்டு 3:10-ஆ 3:40-ஆ என்று எத்தனை முறை குழம்பியிருக்கிறேன்! குளிக்கும்போதும் கடலில் இறங்கும்போதும் கழற்ற வேண்டும் என்பது அடுத்த குறை. அந்த 13 வெறுங்கை நாளில் ஒன்பது நாள் கடற்கரைப் பயணம்தான்.

காலண்டர் சொன்னது இது: எனக்கு இன்னொரு அழகான வாட்ச் தேவையில்லை. ஓரியண்ட் பாம்பினோவின் உப்பலான கண்ணாடியை எத்தனையோ ராத்திரி பார்த்து ஏங்கியிருக்கிறேன். அதை வாங்கினால் வருடத்துக்கு 11 நாள், அதுவும் டைட்டனோடு பங்கு போட்டுக்கொண்டு. எச்.எம்.டி. பைலட்டும் பட்டியலில் இருந்தது. 2016-இல் மத்திய அரசு எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட ஒப்புதல் தந்தபிறகு, இணையத்தில் பழைய பைலட் என்று வருவதில் நிறைய டயல் புதிதாகப் பெயிண்ட் அடித்தவை. கேஸ் தேய்ந்திருக்கும், டயல் மட்டும் பளபளக்கும். எழுத்து தடித்திருக்கும். நேரில் பார்க்காமல் வாங்க மனம் ஒப்பவில்லை.

ஆக, கேசியோவின் ஜி-ஷாக்கில் சதுர 5600 வகை. 200 மீட்டர் வரை தண்ணீர் தாங்கும், சோலார் மாடல் என்றால் சூரிய ஒளியில் சார்ஜ் ஆகும், முகம் முழுக்கப் பரவுகிற விளக்கு. இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ரேடியோ சிக்னலில் தானே மணி திருத்திக்கொள்ளும் மாடலுக்குக் கூடுதல் விலை. அந்தச் சிக்னல் கோபுரங்கள் ஜப்பான், சீனா, அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனியில்தான். சீனக் கோபுரத்தின் எல்லையே சுமார் 1,500 கி.மீ.; சென்னைக்கு எங்கே எட்டும்? அதனால் ரேடியோ இல்லாத சோலார் போதும். கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வருகிற வகையும் வேண்டாம், பார்க்க ஸ்டைல், மங்கிய வெளிச்சத்தில் படிக்கக் கஷ்டம்.

வீட்டில் காட்டினேன். "ஏங்க, இதுவும் கறுப்புப் பிளாஸ்டிக்தானே, இருக்கிறதுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?" என்றாள். விளக்கைப் பற்றிச் சொன்னேன். "போன்ல டார்ச் இருக்கே" என்றாள்.

பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அதற்குள் வேறொரு கவலை: 5600-க்கு வழக்கமான 18 மி.மீ. ஸ்ட்ராப் பொருந்தாது, அதற்கென்றே செய்ததுதான் வேண்டும். வாங்கும்போதே உபரியாக ஒன்று சேர்த்து வாங்கிவிட வேண்டும்.