புள்ளலூரை மேசைக்குக் கொண்டுவந்த பிரிண்டர்: சில வருட அனுபவம்

மினியேச்சர் வார்கேம், அதாவது சின்னப் பொம்மைப் படைகளை மேசையில் நிறுத்தி ஆடும் போர் ஆட்டம், ஆடுகிறேன் என்றால் முதலில் வரும் கேள்வி, "வீட்டிலேயே அச்சடித்தால் மலிவா?" என்பதுதான். சென்னையில் ஒரு ரெசின் பிரிண்டர் (திரவ ரெசினை ஒளியால் இறுக்கி உருவம் செய்யும் 3டி பிரிண்டர்), ஒரு சாதாரண லேசர் பிரிண்டர், பக்கத்துத் தெரு ஃப்ளெக்ஸ் கடை மூன்றையும் வைத்துச் சில வருடங்களாகப் படை திரட்டுகிறேன். மலிவு ஓரளவு உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிதாகப் பட்டது வேறு: எந்தத் தயாரிப்பாளரும் பெட்டியில் போட்டு விற்காத ஒரு படையை இப்போது மேசையில் நிறுத்த முடிகிறது.

எனக்கு வேண்டியிருந்தது புள்ளலூர். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில், கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையை ஹைதர் அலியும் திப்புவும் வளைத்து முறியடித்த சண்டை. ஆட்டத்துக்கு வேண்டிய எல்லாமே இதில் இருக்கிறது. சூழப்பட்ட காலாட்படை, திரும்பத் திரும்ப மோதும் குதிரைப்படை, மைசூர் ராக்கெட்டுகள், நடுவில் வெடித்துச் சிதறும் வெடிமருந்து வண்டிகள், உதவிக்கு நேரத்தில் வந்து சேராத கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்ரோ. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் கோடை மாளிகையான தரியா தௌலத் பாக் சுவரில் இந்தச் சண்டையை ஓவியமாகத் தீட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்த எந்த வார்கேமருக்கும் கை பரபரக்கும்.

கடைப் பட்டியலைப் பிரித்தால் நெப்போலியன் காலம், ரோமானியர், இரண்டாம் உலகப்போர் என்றே போகும். காரணம் வார்ப்பு அச்சில் இருக்கிறது. பிளாஸ்டிக் பொம்மைக்கு எஃகு அச்சு வெட்ட வேண்டும். அந்தச் செலவை எடுக்க ஆயிரக்கணக்கில் பெட்டி விற்றாக வேண்டும், ஆகவே கூட்டம் இருக்கும் காலகட்டத்துக்குத்தான் பிளாஸ்டிக் வரும். ஈய நிற உலோகப் பொம்மைகளை ரப்பர் அச்சில் சுழற்றி வார்க்கிறார்கள். அச்சு மலிவு என்பதால் பிரிட்டனில் உள்ள சிறு தயாரிப்பாளர்கள் இந்தியப் போர்களையும் தொடுகிறார்கள். ஆனால் பார்சல் கனம், அதன்மேல் சுங்கம். பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை நம் அரசு 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆக்கியது, 2023-இல் 70 ஆக்கியது. ஒரு ரெஜிமென்ட் வரவழைக்கவே யோசிக்க வேண்டியிருந்தது.

ரெசின் பிரிண்டர் வேலை செய்யும் விதம் படை திரட்டுவதற்கென்றே அமைந்தது போல இருக்கும். திரவ ரெசினுக்கு அடியில் உள்ள திரை வழியாக 405 நானோமீட்டர் ஒளி பாய்ந்து, ஒரு அடுக்கு முழுவதையும் ஒரே நேரத்தில் இறுக்குகிறது. எனவே நேரத்தைத் தீர்மானிப்பது உயரம் மட்டுமே. சாய்த்து வைத்த 28 மி.மீ. சிப்பாய் சுமார் 40 மி.மீ. உயரம் வருவார். 0.05 மி.மீ. அடுக்கில் அது 800 அடுக்கு. தட்டில் ஒருவர் நின்றாலும் இருபது பேர் நின்றாலும் அதே நேரம்தான். அச்சடிக்கும்போது உருவத்தைத் தாங்கும் தூண்கள் விட்ட தழும்பு முதுகுப் பக்கம் விழும்படி திருப்பி வைத்தால், பெயின்ட் அடித்த பிறகு கடைப் பொம்மைக்குப் பக்கத்தில் நிறுத்தினாலும் வித்தியாசம் தெரியாது.

ராக்கெட்காரர்கள் விஷயத்தில்தான் எனக்கு மனம் நிறைந்தது. இரும்புக் குழாய், அதில் கட்டிய மூங்கில், தோளில் பை என்று ஒரு சிற்பியிடம் பணம் கொடுத்து மூன்று உருவங்கள் டிஜிட்டலாகச் செய்யச் சொன்னேன். தலைப்பாகையை மாற்றி, கையைத் திருப்பி, ஒரே முகம் அடுத்தடுத்து வராதபடி ஒரு முழுப் பிரிவு ஆகிவிட்டது.

இனி சிரமங்கள். குளிர்நாட்டில் ரெசின் கெட்டியாகி அச்சு ஒட்டாமல் போகும் என்று அடித்துக்கொள்கிறார்கள். நமக்கு அந்தக் கவலை இல்லை. நம் எதிரி மின்வெட்டு. என் மெஷின் நின்ற இடத்திலிருந்து தொடராது, அதனால் யுபிஎஸ் இல்லாமல் வாங்காதீர்கள். இறுகாத ரெசின் தோலில் பட்டுக்கொண்டே இருந்தால் ஒவ்வாமை வரும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம் இரண்டிலும் சமரசம் கூடாது. கைக்குழந்தை இருக்கும் ஒற்றைப் படுக்கையறை வீட்டுக்கு இதைப் பரிந்துரைக்கவே மாட்டேன். உருவத்தில் ஒட்டிய ரெசினைக் கழுவிய ஆல்கஹாலைச் சாக்கடையில் ஊற்றக் கூடாது. நெருப்பு அண்டாத மாடி வெயிலில் வைத்தால் ரெசின் துணுக்குகள் இறுகிக் கீழே தங்கும், வடிகட்டித் திரும்பப் பயன்படுத்தலாம்.

வாங்கிய மாதத்தில் எழுதும் ரிவ்யூக்களில் வராத ஒன்று உண்டு: வயது. பயனெட் (துப்பாக்கி முனைக் கத்தி), வாள், குதிரைக் கால் ஆகியவை முதல் வருடத்துக்குப் பிறகு லேசான இடிக்கே ஒடிகின்றன. வளைந்துகொடுக்கும் ரெசினைக் கொஞ்சம் கலந்தால் நன்றாகவே தாங்குகிறது. கழுவிய உருவத்தை இறுக்க வெயிலில் அளவுக்கு மீறிக் காயவைத்தால் இன்னும் நொறுங்கும். பெரிய உருவங்களுக்கு வேறு சிக்கல். ஹைதரின் யானையை ரெசின் மிச்சம்பிடிக்க உள்ளே கூடாக அச்சடிப்போம். அடியில் துளை விட்டு உள்பக்கத்தையும் கழுவி இறுக்காவிட்டால், தேங்கிய ரெசின் மாதங்கள் கழித்து வயிற்றைப் பிளந்துகொண்டு கசியும். பிளாஸ்டிக் பொம்மைக்கு இந்த நோய் எதுவும் கிடையாது. அதனால் ஒரே மாதிரி நூறு பேர் வேண்டும், பெட்டியும் கிடைக்கிறது என்றால் இன்றும் பெட்டியைத்தான் வாங்குவேன்.

காகித அச்சைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. கொடிகளை வீட்டு லேசர் பிரிண்டரில் எடுங்கள். சாதாரண இங்க்ஜெட் மை, பசையின் ஈரம் பட்டதும் கரைந்து ஓடும். கம்பெனியின் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடி இளஞ்சிவப்பாகிவிடும். லேசரில் அந்தப் பிரச்சினை இல்லை. ஓரத்து வெள்ளையில் அதே நிறப் பெயின்ட்டைத் தொட்டு வைத்தால் துணி போலவே இருக்கும். போர்க்களத்துக்குத் தேர்தல் பேனர் அடிக்கும் அதே ஃப்ளெக்ஸ் கடை போதும். மேலிருந்து பார்க்கும் செம்மண், வயல், பனந்தோப்பு நிழல் எல்லாம் சேர்த்து 6க்கு 4 அடியில் ஒரு படம். அங்குலத்துக்கு 100 புள்ளி போதும், அதாவது 7200க்கு 4800 பிக்சல். பளபளப்பு வகை டியூப்லைட்டில் கண்ணைக் கூசவைக்கும், மேட் கேளுங்கள். என் மொத்தச் செலவில் மிகக் குறைந்த காசுக்கு மேசையின் முகத்தையே மாற்றியது இந்த விரிப்புதான்.

வணிகப் பக்கமும் மாறிவிட்டது. தனியாக வேலை செய்யும் சிற்பி மாதச் சந்தாவுக்கு ஃபைல் விற்கிறார். அச்சடித்து விற்க விரும்புகிறவருக்குத் தனி உரிமம் தருகிறார். உலோகத்தில் வார்க்கும் பழைய தயாரிப்பாளர்கள் பலரும் இப்போது மூல உருவத்தை டிஜிட்டலில் செதுக்கி, பிரிண்ட் எடுத்து, அதன்மேல்தான் ரப்பர் அச்சு எடுக்கிறார்கள். கேம்ஸ் வொர்க்‌ஷாப் என்ற பெரிய பிரிட்டிஷ் மினியேச்சர் நிறுவனம் தன் கடைகளிலும் தன் போட்டிகளிலும் தன் மினியேச்சர்களை மட்டுமே அனுமதிக்கிறது. ஒன் பேஜ் ரூல்ஸ் போன்ற ஆட்ட விதி வெளியிடுபவர்களோ எந்தப் பொம்மையாக இருந்தாலும் சரி என்று விதிகளை இலவசமாகவே தருகிறார்கள். எதை ஆடப் போகிறீர்கள் என்பதை முடிவு செய்துவிட்டுப் பிரிண்டர் வாங்குங்கள்.

அப்புறம், ஸ்கேன் செய்து திருடிய ஃபைல்கள் குழுக்களில் சுற்றுகின்றன. தயவுசெய்து தொடாதீர்கள். மைசூர்க் குதிரைப்படை செய்ய ஆர்வமுள்ள சிற்பிகள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். அவர்களுக்கு வருமானம் நின்றால் அடுத்து வந்தவாசியோ ஆற்காடோ செய்ய ஆள் இருக்காது. எனக்கு ராக்கெட்காரர்களைச் செய்து தந்தவர் இப்போது வெடிமருந்து வண்டி இழுக்கும் மாடுகளைச் செதுக்கிக்கொண்டிருக்கிறார். கொம்பு மெல்லிசாக இருந்தால் ஒடியும், கொஞ்சம் தடிமனாக்குங்கள் என்று கேட்டிருக்கிறேன்.