டிரினிடாடில் இரண்டாவது பகல்: சர்க்கரைப் பள்ளத்தாக்கா, மலையருவியா, கடற்கரையா?

இங்கே பேசப்போவது கியூபாவின் தென்கரையில் இருக்கும் டிரினிடாட் நகரத்தைப் பற்றி. கிரிக்கெட் மூலம் நமக்குப் பழக்கமான டிரினிடாட் தீவு வேறு. 1514இல் டியேகோ வெலாஸ்கெஸ் நிறுவிய ஊர் இது. ஹவானாவிலிருந்து சுமார் 315 கிலோமீட்டர், பேருந்தில் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. ஊருக்குள் பார்க்க வேண்டியவற்றை ஒரு பகலில் பார்த்துவிடலாம். பிளாசா மயோர் சதுக்கம், அதன் தலைமாட்டில் பெரிய தேவாலயம், புருனெட் மாளிகை, சான் பிரான்சிஸ்கோ மடத்தின் மஞ்சள் மணிக்கூண்டு எல்லாம் பத்து நிமிட நடைக்குள் அடங்கும். உருண்டைக் கற்கள் பாவிய தெரு என்பதால் அடித்தோல் தடித்த செருப்பு வேண்டும் என்பதைத் தவிர இதில் சொல்ல அதிகமில்லை.

குழப்பம் இரண்டாவது பகலில்தான். தங்கும் வீட்டில் காலை உணவு மேசையிலேயே மூன்று யோசனைகள் வந்துவிடும்: தெற்கே ஆங்கோன் கடற்கரை, வடமேற்கே டோப்பெஸ் தே கோயாந்தெஸ் மலை, வடகிழக்கே சர்க்கரை ஆலைகளின் பள்ளத்தாக்கான வாயே தே லோஸ் இன்ஹெனியோஸ். மூன்றில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் நான் தேர்ந்தெடுப்பது பள்ளத்தாக்கு. அது எல்லாருக்கும் பொருந்தாது. அதனால் மற்ற இரண்டையும் உள்ளபடியே சொல்லிவிடுகிறேன்.

ஆங்கோனைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஊரிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர். வெண்மணல், அலையடங்கிய தெளிந்த நீர். வழி சமதரை என்பதால் சைக்கிளே போதும். காசில்டா வழி நேர்ச்சாலை. லா போக்கா வழி கொஞ்சம் சுற்று, ஆனால் நெடுந்தூரம் கடலை ஒட்டியே போகும். போவதற்கு ஒன்று, வருவதற்கு மற்றொன்று என்று வைத்துக்கொள்ளலாம். வாடகைச் சைக்கிளை வாங்கும்போது இரண்டு பிரேக்கும் பிடிக்கிறதா, டயரில் நூல் தெரிகிறதா என்று பார்த்துவிடுங்கள். பூட்டும் கேட்டு வாங்குங்கள். காற்று விழுந்த மாலை நேரத்தில் கண்ணுக்கே தெரியாத மணல் ஈக்கள் கடிக்கத் தொடங்கும். தடிப்பு இரண்டு மூன்று நாள் அரிக்கும். எனவே நாலரை மணிக்கெல்லாம் மணலைவிட்டு எழுந்துவிடுவது நல்லது. வரதேரோவுக்கோ வடகரைத் தீவுகளுக்கோ போகும் திட்டம் உள்ளவர்கள் ஆங்கோனை விட்டுவிடலாம், இழப்பில்லை. கேயோ பிளாங்கோ தீவுக்குப் படகில் போவதும் உண்டு. நான் போனதில்லை, அதனால் அதை இங்கே எடை போடவில்லை.

உண்மையான போட்டி மலைக்கும் பள்ளத்தாக்குக்கும் நடுவில்தான்.

டோப்பெஸின் பலம் மறுக்க முடியாதது. எஸ்கம்ப்ராய் மலைத்தொடரில் சுமார் 800 மீட்டர் உயரம். கீழே வியர்த்து வழியும் நாளிலும் மேலே காற்று குளிர்ந்திருக்கும். பெரணிகளும் காப்பிச் செடிகளும் மண்டிய காடு. சிவப்பு, வெள்ளை, நீலம் என்று கியூபக் கொடியின் நிறங்களையே இறகில் கொண்ட தேசியப் பறவை தொக்கொரோரோவைப் பார்க்கும் வாய்ப்பும் உண்டு. பெரும்பாலானவர்கள் போவது காபுர்னி அருவிக்கு. 62 மீட்டர் உயரம். பாதை ஒரு பக்கம் இரண்டரை கிலோமீட்டர். படிக்கும்போது சுலபமாகத் தெரியும், ஆனால் இந்தப் பாதை முதலில் இறங்கிக்கொண்டே போகிறது. உடம்பு புதிதாக இருக்கும் காலையில் இறக்கம். அருவியில் குளித்து, பசித்து, வெயில் உச்சிக்கு வரும் நேரத்தில் அத்தனையும் ஏற்றம். இறங்க முக்கால் மணி நேரம் எடுத்தவர்கள் ஏற ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ள வேண்டும். தரை செம்மண். முந்தின நாள் மழை பெய்திருந்தால் சாதாரண ரப்பர் செருப்பு வழுக்கும். மழையில்லாத மாதங்களான டிசம்பர் முதல் ஏப்ரல் வரை பாதை நன்றாக இருக்கும், அருவி மெலிந்துவிடும். மே முதல் அக்டோபர் வரை அருவி நிறைந்திருக்கும், பாதை சேறாகிவிடும்.

இவ்வளவும் பொறுத்துக்கொள்ளக் கூடியவைதான். டோப்பெஸைப் பின்னுக்குத் தள்ளுவது வண்டி.

கியூபாவில் எந்தப் பயணத்தையும் திட்டமிடும்போது தூரத்தைவிட எரிபொருளைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 2024 மார்ச்சில் சாதாரணப் பெட்ரோல் விலை லிட்டருக்கு 25 பெசோவிலிருந்து 132 பெசோவுக்கு ஒரேயடியாக ஏற்றப்பட்டது. விலையைவிடக் கிடைப்பதுதான் பெரிய சிக்கல். முந்தின இரவு "காலை எட்டு மணிக்கு வருகிறேன்" என்று மனதாரச் சொன்ன ஓட்டுநர், இரவெல்லாம் வரிசையில் நின்றும் கிடைக்காமல் காலையில் வராமல் போகலாம். அவரைக் குறைசொல்ல முடியாது. ஆகவே கேட்க வேண்டிய கேள்வி "எவ்வளவு?" என்பதல்ல, "டாங்கில் இப்போது போய்வர எண்ணெய் இருக்கிறதா?" என்பது.

மலைச்சாலை ஊரிலிருந்து 20 கிலோமீட்டர்தான். ஆனால் பெரும்பகுதி முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஏற வேண்டிய செங்குத்து. சமதரையில் அதே தூரத்துக்கு ஆவதைப்போல இரண்டு பங்குக்கு மேல் எரிபொருள் குடிக்கும். 1950களின் அமெரிக்கக் கார் படத்துக்கு அழகு. அதன் கனத்த உடலை இழுப்பது பெரும்பாலும் பின்னாளில் மாற்றிப் பொருத்திய டீசல் எஞ்சின். நீண்ட ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதிக்கும். நடுவழியில் நிறுத்தி, ஆறவிட்டு, தண்ணீர் ஊற்றிக் கிளம்புவார்கள். எனக்கு அதைவிடக் கவலை தருவது இறக்கம். டிரம் பிரேக் வண்டியை மிதித்துக்கொண்டே இறக்கினால் டிரம் சூடேறிப் பிடிப்புக் குறைந்துவிடும். கீழ் கியரில் எஞ்சினின் பிடியிலேயே இறக்குகிற ஓட்டுநர் வேண்டும். டோப்பெஸ் போவதென்றால் இப்படிப்பட்ட பழைய காரை விட்டு ஜீப் அல்லது புதிய சிறிய கார் கேளுங்கள்.

போய்ச் சேர்ந்தாலும் நான்கைந்து மணி நேரம் வண்டி காத்திருக்க வேண்டும், அதற்கும் பணம் உண்டு. குவானயாரா பூங்காவுக்கும் போக நினைத்தால் டோப்பெஸிலிருந்து இன்னும் 15 கிலோமீட்டர் கரடான சாலை. பெரும்பாலும் லாரிதான் போகும். மாலை நான்கு மணிக்கு உங்கள் வண்டி இல்லாமல் போனால் அந்தச் சாலையில் கைகாட்டி நிறுத்த வேறு வண்டி கிடைப்பது அரிது.

பள்ளத்தாக்கில் இந்தக் கவலை பாதிக்கு மேல் குறைந்துவிடுகிறது. கரும்பு வயல்களைக் கண்காணிக்கக் கட்டிய இஸ்னாகா கோபுரம் இருக்கும் ஊர் டிரினிடாடையும் சாங்க்தி ஸ்பீரித்துஸையும் இணைக்கும் பிரதான சாலையை ஒட்டியே இருக்கிறது. சுமார் 16 கிலோமீட்டர். பேசிய வண்டி வராவிட்டாலும் இன்னொன்று போகும்; திரும்பும்போதும் அப்படியே. அரை நாளில் முடிகிற பயணம் என்பதால் ஓட்டுநரும் சட்டென்று ஒத்துக்கொள்வார். வாடகையை ஆளுக்கு இவ்வளவு என்று பேசாமல் வண்டிக்கு இவ்வளவு, எத்தனை நிறுத்தம், எத்தனை மணி வரை என்று சேர்த்துப் பேசுங்கள். சில்லறை நோட்டாக ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ஊரிலிருந்து கிளம்பும் சுற்றுலா ரயிலை மட்டும் நம்ப வேண்டாம். அது ஓடாத காலங்களே அதிகம்.

வண்டி வசதிக்காக மட்டும் நான் பள்ளத்தாக்கைச் சொல்லவில்லை. ஊரில் நேற்று பார்த்த மாளிகைகள் எந்தக் காசில் எழுந்தன என்பதற்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஹெய்ட்டியில் 1791இல் அடிமைகள் கிளர்ந்தெழுந்தபின் உலகச் சர்க்கரைச் சந்தையில் விழுந்த ஓட்டையைக் கியூபா நிரப்பியது. இந்தப் பள்ளத்தாக்கில் மட்டும் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆலைகள் ஓடின. 1827இல் 11,000க்கும் மேற்பட்ட அடிமைகள் அவற்றில் வேலை செய்தார்கள். அந்த நூற்றாண்டின் நடுவில் மண் சத்திழந்தது, ஐரோப்பாவில் பீட்ரூட் சர்க்கரை போட்டிக்கு வந்தது, பெரிய ஆலைகளும் ரயிலும் வேறு சமவெளிகளுக்குப் போயின. பணம் வற்றியது. இடித்துப் புதிதாகக் கட்ட யாரிடமும் காசில்லாததால்தான் ஊர் அப்படியே நின்றது. 1988இல் யுனெஸ்கோ நகரையும் பள்ளத்தாக்கையும் சேர்த்து ஒரே பாரம்பரியச் சின்னமாக அறிவித்ததன் பொருத்தம் இதுதான். ஒன்றை மட்டும் பார்ப்பது அரைக்கதை.

நம்மவர்களுக்கு இதில் ஒரு கிளைக்கதையும் உண்டு. பிரெஞ்சுத் தீவுகளான குவாதலூப்பிலும் மார்த்தினிக்கிலும் 1848இல் அடிமைமுறை ஒழிந்தபின் கரும்புத் தோட்டங்களுக்குத் தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேற்றப்பட்டார்கள். கியூபாவோ 1886 வரை அடிமைகளை விடவில்லை; ஒப்பந்தக் கூலிகளாக 1847 முதல் சீனர்களைத்தான் கொண்டுவந்தது.

மனாக்கா இஸ்னாகா கோபுரம் சுமார் 45 மீட்டர் உயரம், ஏழு அடுக்கு. கீழடுக்குகள் சதுரம், மேலடுக்குகள் எண்கோணம். உள்ளே செங்குத்தான மரப்படிகள். மேலே போகப் போக ஒருவர் ஏறினால் மற்றவர் ஒதுங்கி நிற்க வேண்டிய அளவுக்கு ஒடுங்கும். பேருந்துக் கூட்டம் சேருவதற்கு முன், ஒன்பது மணிக்குள் ஏறிவிடுவது நல்லது. தோள்பையைக் கீழேயே வைத்துவிடுங்கள். இறங்கும்போது ஏணியில் இறங்குவதுபோலப் படியைப் பார்த்தபடி இறங்குவதே பத்திரம். ஆள் உயரத்தைத் தாண்டிய வளைவுகளின் வழியே நான்கு பக்கமும் பார்வை தடையில்லாமல் போகிறது. வயலில் குனிந்து கரும்பு வெட்டும் ஒவ்வொரு முதுகையும் எண்ணுவதற்கென்றே கட்டிய உயரம் அது. வேலை தொடங்கவும் முடியவும், தப்பியோடியவரைத் தேடவும் ஒலித்த மணி இப்போது கீழே பண்ணை வீட்டின் முன்னால் தரையில் இருக்கிறது. சுற்றியுள்ள தாழ்ந்த ஓட்டு வீடுகளில் சில அன்றைய அடிமைக் குடியிருப்புகள். இன்றும் மக்கள் வாழ்கிறார்கள். கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். கோபுரத்துக்குப் போகும் வழி நெடுக வெள்ளைத் துணியில் இழை பிரித்துப் போட்ட பூவேலை தொங்கும். விரிப்பைப் புரட்டிப் பின்பக்க முடிச்சுகளைப் பார்த்தால் கைவேலையா இல்லையா என்பது தெரிந்துவிடும். பண்ணை வீட்டின் பின்னால் பழைய கரும்பு செக்கு இருக்கிறது. பிழிந்த சாறு கேட்டால் கிடைக்கும்.

பெரும்பாலான வண்டிகள் இங்கேயே திரும்பிவிடும். நீங்கள் சான் இசித்ரோ தே லோஸ் தெஸ்திலதெரோஸையும் சேர்த்துப் பேசுங்கள். பிரதான சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் இருப்பதால் பெருமழைக்கு மறுநாள் கார் போகாது. அங்கே மூன்றடுக்குக் கோபுரமும் தொல்லியலாளர்கள் தோண்டி வெளிக்கொண்டுவந்த காய்ச்சும் சாலையும் இருக்கின்றன. ஒரே அடுப்பின் மேல் வரிசையாகக் கொப்பரைகள். கரும்புச் சக்கையே எரிபொருள். சாறு பெரிய கொப்பரையில் தொடங்கி, நெருப்புக்கு அருகே உள்ள சிறிய கொப்பரையில் பாகாக முடியும். நம் ஊர் வெல்லம் காய்ச்சும் கொட்டகையைப் பார்த்தவர்களுக்கு இந்த இடிபாடு யாரும் விளக்காமலே புரியும். நேரமிருந்தால் இஸ்னாகாவைத் தாண்டி குவாய்மரோ பண்ணை வீடு. 1827இல் ஒரே அறுவடையில் 82,000 அரோபா, அதாவது சுமார் 943 டன் சர்க்கரை எடுத்த ஆலை அது. வரவேற்பறைச் சுவர்களில் இத்தாலிய ஓவியர் தீட்டிய நிலக்காட்சிகள் இருக்கின்றன. பள்ளத்தாக்குச் சாயலே இல்லாத ஐரோப்பிய நிலம்.

ஏழரைக்குக் கிளம்பி நேராக இஸ்னாகா, பிறகு சான் இசித்ரோ, திரும்பும் வழியில் ஊருக்கு 6 கிலோமீட்டர் முன்னால் லோமா தெல் புவெர்த்தோ மேட்டில் நிறுத்தம். ஒரு மணிக்குள் ஊரில் இருக்கலாம். பள்ளத்தாக்கில் நிழல் கிடையாது, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். சைக்கிளில் போக நினைப்பவர்கள் இந்த மேட்டை மறக்க வேண்டாம்; வெயிலேறியபின் திரும்பும் ஏற்றம் கடுமை.

அருவி இல்லாமல் மனம் ஆறாதவர்கள் எல் குபானோ பூங்காவைப் பாருங்கள். ஊரிலிருந்து ஐந்தாறு கிலோமீட்டர்தான். ஹவீரா அருவியின் அடியில் குளிக்கத் தக்க குளம் உண்டு. எரிபொருளே வேண்டாம், குதிரையில் போகலாம். 'பள்ளத்தாக்குச் சவாரி' என்று தெருவில் விற்பவற்றில் பல இந்தப் பக்கம்தான் வரும், இஸ்னாகாவுக்குப் போகாது; எது என்று கேட்டு உறுதிசெய்யுங்கள். ஏறும் முன் சேணத்தைத் தூக்கிக் குதிரையின் முதுகைக் காட்டச் சொல்லுங்கள். புண் இருந்தால் வேறு குதிரை கேளுங்கள். தரமாட்டேன் என்றால் காலையில் சீக்கிரம் கிளம்பி நடந்தே போய்விடலாம்.